கொழும்புப் புத்தகப் பிரியருக்கு ஓர் ஆண்டு வழிகாட்டி

கொழும்பில் தமிழ்ப் புத்தகம் சேர்ப்பவர் இரண்டு விடயங்களோடு இசைந்து வாழப் பழக வேண்டும். ஒன்று, ஆண்டின் பெரும்பகுதி காற்றில் நிற்கும் ஈரம். மற்றது, ஒரு நூல் கடைக்கு வந்து தீர்ந்துபோகும் விதம். தமிழகத்தில் அச்சாகும் நூல் இங்கே சில பிரதிகளாகவே வந்து சேர்கிறது. ஈழத்து நூலோ பெரும்பாலும் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டு, அவற்றிலும் பெரும்பகுதி வெளியீட்டு விழா மண்டபத்திலேயே கைமாறிவிடுகிறது. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த நூல் பிறகு கண்ணிற் படுவதில்லை. வாங்கி வைத்ததையும் கவனியாது விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. ஆகவே இந்நகரில் வாங்குவதற்கும் வாசிப்பதற்கும் உலர்த்திப் பேணுவதற்கும் ஆண்டில் வெவ்வேறு காலங்கள் உண்டு. அந்தந்த வேலையை அதற்குரிய மாதத்தில் செய்துகொள்வது எப்படி என்பதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

ஜனவரி, பெப்ரவரி: இறாக்கையை இறக்கும் காலம்

வடகீழ்ப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டின் கிழக்குச் சரிவிலும் கொட்டிவிட்டு மேற்குக் கரைக்கு வருவதால், ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்புக்கு உலர்ந்த மாதங்களாக அமைகின்றன. பொங்கலுக்காக வீட்டைத் துப்புரவாக்கும் கையோடு புத்தக அலுமாரியையும் இறாக்கைகளையும் இறக்கிவிடுவது நல்லது. தொடர்மாடி வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் இரவு படுக்க இடமிராது. ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால், பெரிய சேகரிப்புங்கூடப் பெப்ரவரி முடிவதற்குள் ஒழுங்காகிவிடும். மழையில்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். காற்றின் ஈரம் அப்போதுதான் நாளிலேயே குறைவாக இருக்கும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மென்மையான மயிர்த் தூரிகையால் மேல்விளிம்பின் தூசியை முதுகுப் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தட்டுங்கள். துணியால் துடைத்தால் தூசி தாள்களுக்கிடையே இறங்கிவிடும். பின்னர் அட்டையைச் சற்று விரித்து, விசிறிபோல நிமிர்த்தி, யன்னலோர நிழலில், மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு ஓரிரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வெயிலில் காய வைப்பது பழைய வழக்கமாக இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மரக்கூழிலிருந்து செய்யப்படும் மலிவான தாளிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெயிலுக்கு விரைவில் பழுப்பேறும். பசையால் மட்டும் ஒட்டிய இக்காலக் கட்டுக்களோ சூட்டில் வெடித்து, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

தட்டுகள் வெறுமையாக இருக்கும்போதே அலுமாரியின் இடத்தையும் சோதித்துவிட வேண்டும். மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவர் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். அதனோடு அலுமாரி ஒட்டி நின்றால் பின்வரிசைப் புத்தகங்களே முதலில் பழுதாகும். உட்சுவருக்கு மாற்ற வசதியில்லையென்றால் சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றராவது விடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து பதினைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பது, தரைமாடியில் வசிப்போருக்கு, ஆடம்பரமான யோசனையன்று. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நேரிற் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பூச்சிகளின் அடையாளங்கள் வெவ்வேறானவை. தாளின் மேற்பரப்பைச் சுரண்டியதுபோல ஒழுங்கற்ற தேய்வு தெரிந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை; துணி அட்டையில் கறைகளும் முதுகில் மிளகுத்தூள் போன்ற எச்சமும் இருந்தால் கரப்பொத்தான்; புத்தகத்தை ஊடுருவிச் செல்லும் சிறு வட்டத் துளைகள் இருந்தால் வண்டுப் புழு. மண்ணாலான கோடு சுவரில் ஏறிவந்திருந்தால் கறையான் வந்துவிட்டது என்று பொருள். அதைப் புத்தகத்தில் மட்டும் ஒழித்துப் பயனில்லை, கட்டிடத்துக்கே மருந்தடிக்க ஆள் அழைக்க வேண்டும். மற்றவற்றுக்கு வீட்டிலேயே வழி உண்டு. பூச்சி பட்ட புத்தகத்தைப் பொலித்தீன் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில், வெப்பநிலை மறை 18 பாகை செல்சியசாக இருக்குமானால், இரண்டு வாரம் வைத்திருங்கள். வெளியே எடுத்த பின்பும் பையை உடனே திறக்காமல் ஒரு முழு நாள் அறையிலே விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, பூச்சியைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும். வேப்பிலையும் வசம்பும் ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வரும் காப்புகள். நன்கு உலர்ந்தவற்றைச் சிறு துணிப்பொட்டலமாகக் கட்டித் தட்டின் மூலையில் வைப்பதில் தீங்கில்லை, ஆனால் தாள்களுக்கிடையே இலை வைப்பது கறையைத்தான் தரும். பூச்சி உருண்டையின் மணத்தோடு ஒரே அறையில் உறங்குவது உடலுக்கு ஒவ்வாதது என்பதால் அதை முற்றாகத் தவிர்க்கிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை ஆகிய இடங்களில் கடலோரமாக வசிப்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு வேலை இருக்கிறது. உப்புக்காற்று சிற்றிதழ்களின் நடுவே அடித்திருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு தாளை அரித்து, நடுத்தாள் தானாகவே கையோடு வந்துவிடும். துருவேறத் தொடங்கிய இதழை நடுப்பக்கத்தில் விரித்து, மழுங்கிய கத்தி முனையால் கம்பியின் கால்களை நிமிர்த்தி, வெளிப்புறமாக மெதுவாகக் கழற்றுங்கள். பின்னர் மடிப்பின் நேர் நடுவில் ஒரு துளையும், மேலும் கீழுமாகக் கம்பி இருந்த இடங்களில் ஒவ்வொரு துளையுமாக மூன்று துளைகளை எடுத்துக்கொண்டு, பருத்தி நூல் கோத்த ஊசியை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே செலுத்துங்கள். வெளிப்புறமாகவே மேலே சென்று மேல்துளையால் உள்ளே வரவேண்டும். உட்புறத்தில் நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குச் சென்று அதனால் வெளியேறி, மறுபடி நடுத்துளையால் உள்ளே வந்து, நீளமாகக் கிடக்கும் நூலை நடுவில் அகப்படுத்தி இரண்டு முனைகளையும் முடிச்சிட வேண்டும். ஓர் இதழுக்குப் பத்து நிமிடம் போதும். ஈழத்துச் சிற்றிதழ்களின் பழைய தொகுதிகள் இன்று கிடைப்பதற்கரியவை. இந்த எளிய தையல் அவற்றுக்கு நீண்ட ஆயுளைத் தரும். ஒட்டுநாடாவை மட்டும் எந்தக் கிழிசலுக்கும் பயன்படுத்த வேண்டாம். அது பழுப்பேறி உரிந்த பின்பும் அதன் பசை தாளிலேயே தங்கிவிடும்.

புத்தகங்களை மீண்டும் அடுக்கும்போது ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டே வாருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, வாங்கிய இடம் ஆகியவற்றோடு, இரவல் போயிருந்தால் யாரிடம் என்பதற்கும் ஓர் இடம் விட வேண்டும். ஞாயிறு நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த மதிப்புரைகளை அந்தந்த நூலுக்குள்ளேயே செருகி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நாளிதழ்த் தாளின் அமிலம் எதிர்ப்பக்கத்தில் அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரத்தைப் பதித்துவிடும் என்பதால், அவற்றைத் தனி உறையில் இட்டு வைப்பதே முறை. துறைவாரியாக அடுக்குவதா, ஆசிரியர் வாரியாக அடுக்குவதா என்பது அவரவர் விருப்பம். நான் உயரத்தையும் பார்க்கிறேன். உயரமான மெல்லிய நூலுக்குப் பக்கத்தில் குட்டையானவை மட்டும் நின்றால், தாங்கல் இல்லாத மேற்பகுதி ஓராண்டில் வளைந்துவிடும்.

சென்னைப் பொதிகளும் சித்திரைப் புத்தாண்டும்

தமிழகப் பதிப்பகங்கள் தங்கள் புதிய நூல்களைப் பெரும்பாலும் 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி, அதாவது டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் வெளியிடுகின்றன. அவை செட்டியார் தெருவுக்கும் வெள்ளவத்தைக்கும் வந்துசேரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். பொதி பிரிக்கும் நாளில் கடையில் நிற்பது பெரும் இன்பந்தான். அச்சு மையின் மணம் மாறாத கட்டு ஒன்றைக் கடைப் பையன் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கும்போது அருகில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆயினும் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வேண்டிய நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தெளிவாக ஒரு தாளில் எழுதி, தொலைபேசி இலக்கத்தோடு, பூபாலசிங்கம் புத்தகசாலை போன்று ஒழுங்காக இறக்குமதி செய்யும் கடையில் பெப்ரவரியிலேயே கொடுத்து வையுங்கள். வாயாற் சொன்னது மறந்துபோகும். எழுத்தில் கொடுத்தது அடுத்த கட்டளையில் சேர்ந்துவிடும்.

அட்டையிலுள்ள இந்திய விலையை இலங்கை ரூபாவாக மாற்றும் பெருக்கம் கடைக்குக் கடை வேறுபடும் என்பதால், பெரிய தொகுதி நூல்களை வாங்குமுன் இரண்டு மூன்று இடங்களிலாவது விசாரிப்பது நன்று. புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க் வளாகத்திலுள்ள சேமமடு பொத்தகசாலையையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்குமுன் நூலை நடுவில் விரித்துப் பார்த்து, பக்க எண்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா, ஒரே படிவம், அதாவது ஒன்றாக மடித்துக் கட்டும் தாள்தொகுதி, இருமுறை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று புரட்டிவிட வேண்டும்; கடல் கடந்து வந்த நூலை மாற்றித் தருவது கடைக்காரருக்கு எளிதன்று. பழைய ஈழத்து நூலொன்றுக்கு அதிக விலை கேட்டால், 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வாசிப்பு மட்டுமே நோக்கமாயின் அங்கேயே வேலை முடிந்துவிடும். வாசித்த பிறகும் அச்சுப்பிரதி வேண்டும் என்ற ஆசை தீராவிட்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

சித்திரைப் புத்தாண்டையொட்டி நகரமே ஊருக்குப் போய்விடும். கடைகள் சில நாட்களுக்குப் பூட்டிக்கிடக்கும், காலி வீதியில் பேருந்துகள் குறையும், மேல்மாடிகளில் ஆளரவம் அடங்கும். வெயிலும் ஆண்டிலேயே கடுமையாக இருக்கும். அந்த நாட்களுக்கான புத்தகங்களை முந்திய வாரமே இரவல் வாங்கி வைத்துவிட்டு, சிறுகதை, கவிதை, பயணநூல் என்று இலகுவானவற்றை யன்னலோரத்தில் வைத்துப் படியுங்கள். கைவிசேடமாகக் கிடைக்கும் பணத்தை வீட்டுச் சிறுவர்கள் ஒரு புத்தகத்துக்கென்று எடுத்து வைத்து, கடை திறக்கும் முதல் நாளிலே தாங்களே தெரிவுசெய்து வாங்கப் பழக்குவது நல்ல வழக்கம். தெரிவில் பெரியவர் தலையிடக் கூடாது.

மே முதல் ஓகஸ்ட் வரை: அடைமழையும் பெருநூல்களும்

வெசாக் கூடுகளை நனைத்துக்கொண்டு தென்மேல் பருவமழை வந்து இறங்கும்போது, வாங்குவதை நிறுத்திவிட்டு வாசிக்கத் தொடங்க வேண்டும். மழை நாளில் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குத் திரும்பியவர் மீண்டும் வெளியே போக விரும்பார்; அந்த நீண்ட இரவுகள் பெருநூல்களுக்கென்றே வாய்த்தவை. உரையோடு கூடிய ஒரு செவ்விலக்கியம், பல பாகங்களாக விரியும் நாவல், கனத்த வரலாற்று நூல் ஆகியவற்றுள் ஒன்றை, ஒன்றை மட்டும், மே முதல் வாரத்திலேயே மேசையில் எடுத்து வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கு நூல்களைத் திறந்து வைப்பவர்கள் ஓகஸ்டில் நான்கையும் பாதியில் மூடி வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பெருநூலுக்குத் துணையாகத் தாளும் பென்சிலும் வேண்டும்: பாத்திரங்களின் உறவுமுறை, அருஞ்சொல், திரும்பிப் பார்க்க வேண்டிய பக்க எண் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ளலாம். நூலின் ஓரத்தில் குறிப்பதானாலும் மெல்லிய பென்சிலே நல்லது, பேனா மை ஈரக்காற்றில் பின்பக்கத்துக்கு ஊறும்.

மாதந்தோறும் வரும் போயா விடுமுறையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பெருநூலை ஒருபுறம் வைத்துவிட்டு, காலைத் தேநீர் முதல் மாலை வரை ஒரே இருப்பில் முடிக்கக்கூடிய மெல்லிய நூலொன்றை அன்றைக்கென எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் பன்னிரண்டு பதின்மூன்று குறுநூல்கள் மேலதிகமாகச் சேர்ந்திருக்கும். விடுமுறை நாட்களில் நூலகங்கள் மூடியிருக்கக்கூடும் என்பதால் முதல் நாளே போய்வர வேண்டும். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகம் 1925இல் தொடங்கப்பட்டது, மும்மொழி நூல்களையும் கொண்டது. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. இரண்டிலும் அங்கத்துவம் பெற்றுவைப்பது புத்தகப் பிரியருக்கு அடிப்படைத் தேவை. எந்த நூலையும் வாங்குமுன் இரவலாகப் படித்துப் பார்க்க முடிந்தால், வீட்டு அலுமாரியில் மறுமுறை படிக்கத் தகுந்தவை மட்டுமே இடம்பிடிக்கும்.

வீட்டில் கண் மங்கிய பெரியவர் ஒருவர் இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நல்ல உரைநடை எது, வெறும் சொற்குவியல் எது என்பதை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். இடையில் அவர் ‘அந்த இடத்தை இன்னொருக்கால் வாசி பிள்ளை’ என்று கேட்டால், அந்த நூலைப் பற்றி வேறு மதிப்புரை தேட வேண்டியதில்லை.

இக்காலத்தில் புத்தகங்களைக் காக்கும் வேலை சிறிது விழிப்பை மட்டுமே கோருகிறது. காற்றின் சார்பு ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நீண்ட நேரம் நிற்கும் அறையில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். கொழும்பிலோ மழைக்காலத்தில் அது 80 வீதத்தையும் தாண்டுவதுண்டு. ஆகவே வெளிக்காற்றை உலர்த்த நினைப்பது வீண்முயற்சி. அலுமாரிக்குள் காற்று தேங்காமல் பார்த்துக்கொள்வதும், பெறுமதியான சிலவற்றை மட்டும் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதுமே கைகூடக்கூடியவை. நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லை வாங்கினால், ஈரமேறியதை நிறத்தாலேயே அறிந்து, மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியாயின் மழையில்லாத பகற்பொழுதில் சில மணி நேரம் திறந்துவிடுங்கள். இரவில் மட்டும் குளிரூட்டியை இயக்கிப் பகலில் நிறுத்திவிடும் படுக்கையறையில் புத்தகங்களை வைக்காதீர்கள். குளிர்ந்திருந்த அட்டைகள்மேல் காலையில் வெளிக்காற்று படும்போது கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிகிறது, அது நாள்தோறும் நடக்கிறது.

பூஞ்சணம் வெண்பொடியாகத் தென்பட்டால் அந்த நூலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் கடதாசிப் பையில் இடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் பரவும். மின்விசிறிக் காற்றில் முழுவதும் உலரவிட்டு, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, பல்கனிக்குக் கொண்டுபோய்த் தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

மழையில் முழுதாக நனைந்த புத்தகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 48 மணி நேரம். அதற்குள் உலரத் தொடங்காவிட்டால் பூஞ்சணம் முந்திவிடும். நனைந்த நூலைப் பலவந்தமாக விரிக்காமல், நீர் வடியும்வரை நிமிர்த்தி வைத்து, பிறகு இருபது முப்பது பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத உறிஞ்சு தாளைச் செருகி, அது நனையுந்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமயிர் உலர்த்தும் கருவியின் சூடு தாளை நெளியவைக்கும், மின்விசிறியே போதுமானது. படங்கள் நிறைந்த வழுவழுப்பான தாளுடைய நூல் நனைந்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்த பின் எவராலும் பிரிக்க இயலாது. உடனே கவனிக்க நேரமில்லையென்றால் அதைப் பையிலிட்டு உறைநிலை அறையில் வைத்து, நேரம் கிடைக்கும் நாளில் எடுத்துச் சீர்செய்யலாம். கரையோரப் புகையிரதத்தில் படித்துக்கொண்டே செல்பவர்களுக்கும் ஒரு சொல்: கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே, தென்மேல் காற்று வீசும் மாதங்களில், கடற்பக்க யன்னல் புத்தகத்துக்கு ஏற்ற இடமன்று.

செப்டெம்பர்: கண்காட்சியும் வெளியீட்டு விழாக்களும்

இலங்கைப் புத்தக வெளியீட்டாளர் சங்கம் 1999ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் பொதுவாகச் செப்டெம்பரில் நடைபெறுகிறது. சனிக்கிழமை அங்கே போவது நூல் வாங்குவதற்கன்று, மனிதரைப் பார்ப்பதற்கு. வார நாட்களிலும் முற்பகலில் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அவர்கள் திரும்பிய பின், பிற்பகல் மூன்று மணியளவில் நுழைந்தால் நிதானமாகப் பார்க்க முடியும். தமிழ் நூல்களுக்கான கூடங்கள் சிங்கள, ஆங்கிலக் கூடங்களோடு ஒப்பிடச் சிலவே. நுழைவாயிலில் கிடைக்கும் வரைபடத்தில் அவற்றை முதலில் குறித்துக்கொண்டு, கால்கள் களைப்பதற்கு முன் அங்கே போய்விடுங்கள். பிறகு சிங்களப் பதிப்பகங்களின் பக்கம் திரும்பி, தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் பெயர்க்கப்பட்டவற்றைத் தேடுங்கள். தமிழ்ப் புத்தகக் கடைகளில் அவ்வளவாகத் தென்படாத மொழிபெயர்ப்புகள் இந்தக் கண்காட்சியில் எதிர்பாராத மூலையில் அகப்படுவதுண்டு, எனக்கு அந்த இடமே கண்காட்சியின் பெரும் ஈர்ப்பு.

செலவிடக்கூடிய தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பட்டியலிலுள்ள நூல்களுக்கும் மறுபகுதியை அங்கே கண்டு ஆசைப்படுபவற்றுக்கும் ஒதுக்குங்கள். முதற்சுற்றில் விலையையும் கூடத்தின் இலக்கத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, ஒரு தேநீர் குடித்த பின் இரண்டாஞ்சுற்றில் வாங்கினால், வீட்டுக்கு வந்து வருந்தும் நூல்கள் குறையும். துணிப்பை இரண்டும், மாலை மழைக்காகப் பெரிய பொலித்தீன் பை ஒன்றும் கையோடிருக்கட்டும். வாங்கியவற்றை அன்றிரவே அலுமாரியில் ஒளித்துவிடாமல், மேசையில் பரப்பி, முன்னுரைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படிப்பது ஓர் அரிய இன்பம். எதை முதலில் எடுப்பது என்ற முடிவும் அப்போதே உருவாகிவிடும்.

ஈழத்து நூல்களைப் பொறுத்தவரை கண்காட்சியைவிட வெளியீட்டு விழாவே முக்கியம். தமிழ்ச் சங்க மண்டபத்திலோ வேறிடத்திலோ வார இறுதி மாலைகளில் நடக்கும் இவ்விழாக்களின் அறிவித்தல்கள் நாளிதழ்களில் வரும். நூலாசிரியர் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தில் அச்சிட்டிருப்பார். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க வைத்த கடதாசித் தட்டுப்பாட்டுக்குப் பின், அச்சுச் செலவுக்கு அஞ்சிப் பிரதிகளைக் குறைத்தவர்களே மிகுதி. முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கி முடியும்வரை பொறுமையாக இருந்து, மேடைக்கு அருகே வரிசையில் நின்று, உறையில் பணத்தை வைத்துக் கொடுத்து ஆசிரியர் கையாலேயே பிரதியைப் பெறுவது இங்குள்ள மரபு. விலையைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. வாழ்த்துரைகள் நீளுமென்று அஞ்சி விழாவுக்குப் போகாமல் விட்டவர், அந்த நூலைப் பின்னர் கடைகடையாகத் தேட நேரும்.

பழைய புத்தகங்களுக்கு, கோட்டைக்கும் மருதானைக்கும் இடையே செல்லும் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையின் கடைவரிசை இருக்கிறது. பெரும்பகுதி சிங்களமும் ஆங்கிலமும் பாடநூல்களுமாக இருக்கும். தமிழ் நூல்கள் பின்னால் கட்டாகக் கிடக்கக்கூடும் என்பதால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மழை நாளில் போக வேண்டாம். அங்கிருந்து வாங்கியவற்றை நேரே அலுமாரிக்குள் வைக்காமல் இரண்டு வாரம் மூடிய பையில் தனியே வைத்துப் பார்த்து, தூளோ புழுவோ விழவில்லை என்று உறுதியான பிறகே மற்றப் புத்தகங்களோடு சேர்க்க வேண்டும்.

நவராத்திரி முதல் ஆண்டிறுதி வரை

நவராத்திரியின் கடைசி மூன்று நாட்கள் கலைமகளுக்குரியவை. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைப் பூசையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமியில் எடுக்கும்வரை வாசிக்கக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். அளவின்றிப் படிப்பவருக்கு ஆண்டில் ஒரு நாள் இந்த ஓய்வு கட்டாயமாக வாய்ப்பது நல்லதே. பூசைக்கு வைக்கும் நூல்களை அடுக்கின் மேற்புறத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பாதுகாத்துக்கொண்டால், சந்தனமும் குங்குமமும் அட்டையில் கறையாக மாறா. விஜயதசமியன்று பிள்ளைக்கு ஏடு தொடக்கும் வீடுகளில், ஏட்டோடு ஒரு படப்புத்தகத்தையும் அந்தப் பிள்ளையின் பெயரெழுதிக் கொடுக்கலாம். ஒக்டோபர் நாடெங்கும் தேசிய வாசிப்பு மாதமாகவும் கொண்டாடப்படுவதால், அருகிலுள்ள நூலகம் நடத்தும் போட்டிகளையும் உரைகளையும் விசாரித்து வையுங்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை பிற்பகலில் இடியோடு கொட்டும்; மே மாதத்துக்குச் சொன்ன காப்புகள் அனைத்தும் இங்கும் பொருந்தும்.

டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்தில் செல்பவர்களுக்கு அந்த நீண்ட பகற்பயணம் ஒரு நடுத்தர நாவலைத் தொடங்கி முடிக்கப் போதுமானது. புறப்படுமுன் ஜனவரியில் எழுதிய குறிப்பேட்டை எடுத்து, இரவல் போன நூல்களைப் பெற்றவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பெடுங்கள். ‘அந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தாயிற்றோ? எப்படி இருந்தது?’ என்று நூலைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால், பெரும்பாலானோர் தாமாகவே திருப்பித் தருவதாகச் சொல்லிவிடுவார்கள்.

இனிப் படிக்கப்போவதில்லை என்று தெளிவான நூல்களை இதே மாதத்தில் பிரித்தெடுக்க வேண்டும். பாடசாலை நூலகத்துக்கோ தோட்டப்புறத்து வாசிகசாலைக்கோ கொடுப்பதானால், என்ன வகை நூல்கள் தேவை என்று பொறுப்பானவரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் அனுப்பும் பெட்டிகள் களஞ்சிய அறையிலேயே கிடந்துவிடும். பூச்சியோ பூஞ்சணமோ பட்டதைத் தானமாகக் கொடுப்பது பெறுபவரின் முழுச் சேகரிப்பையும் கெடுக்கும் என்பதால் அவற்றைச் சேர்க்கவே வேண்டாம். மளிகைக் கடையில் கேட்டால் வெறும் பால்மாப் பெட்டிகள் கிடைக்கும். ஒரு பெட்டி பத்துக் கிலோவைத் தாண்டாதபடி, பெரிய நூல்களைக் கீழே தட்டையாகவும் சிறியவற்றை மேலே முதுகு கீழாகவும் அடுக்கி, இடைவெளிகளைக் கசக்கிய தாளால் நிரப்பி, உட்புறத்தில் பொலித்தீன் விரித்துக் கட்டுங்கள். பெட்டிக்குள் உள்ளவற்றின் பட்டியலை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை உள்ளே மேலாக வைத்து, மற்றதைப் பெறுபவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.